எச்சில் படாத வாத்தியம்

ஜெஸ்லின் பதினேழு வருஷமாக மற்றவர்களின் எச்சிலை உறிஞ்சி எடுக்கிற வேலை பார்க்கிறாள். கரமனையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு சின்னப் பல் க்ளினிக். டாக்டர் மேடம் பல்லைக் குடையும்போது, நோயாளியின் நாக்குக்கு அடியில் குழாயைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ரத்தம், சீழ், காலையில் தின்ற புட்டும் கடலையும் எல்லாம் கலங்கி அந்தக் குழாய் வழியாகப் போகும். சாயங்காலம் அதன் வடிகட்டியைக் கழற்றி, நோண்டிக் கழுவுவதும் அவள்தான்.

இத்தனை வருஷத்தில் அவளுக்கு அறப்பு, அந்த அருவருப்பு, விட்டுப்போயிருக்கும் என்று பலரும் நினைத்தார்கள். நேர்மாறாகத்தான் ஆயிற்று. முதல் வருஷம் இல்லாத அறப்பு பத்தாவது வருஷம் வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கொட்டாவி விட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கல்யாணப் பந்தியில் எதிரே இருப்பவர் உள்ளங்கையில் மோரை வாங்கி உறிஞ்சினால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள். வீட்டில் அவள் டம்ளர் வேறு, லிங்கராஜின் டம்ளர் வேறு. லிங்கராஜ் அவள் புருஷன். டைல்ஸ் ஒட்டுகிற வேலை, வாயில் எப்போதும் பாக்கு. "இருவது வருசமா ஒரே கட்டில்ல படுக்கோம், ஒரு டம்ளர்ல குடிக்க மட்டும் மாட்டேங்கா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவள் சிரிக்க மாட்டாள். அவனுடைய கடைவாய்ப் பல் இரண்டும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும்.

போன வருஷம் ஓணம் கழிந்த சமயத்தில் அவள் காதுக்குள் ஒரு சத்தம் வந்து குடியேறியது. பல்லைக் குடையும் மெஷினின் அதே கீச்சுச் சத்தம். மெஷினை நிறுத்தினாலும் நிற்கவில்லை. பஸ்ஸில் கேட்டது, சர்ச்சில் ஜெபம் நடக்கும்போது கேட்டது, மீன் கழுவும்போது கேட்டது. காது டாக்டரிடம் போனாள். அவர் பரிசோதித்துவிட்டு, இதற்கு மருந்து கிடையாது, கவனிக்காமல் இருக்கப் பழக வேண்டும் என்றார். சீட்டு எழுதிக்கொண்டே, "பாட்டு கேளுங்க. இல்லேங்கி ஏதாவது ஒரு வாத்தியம் படிச்சுக்கோங்க. காதுக்கு வேற ஜோலி குடுக்கணும், அத்தறதான்" என்றார்.

அவர் அதைப் பேச்சுக்குச் சொல்லியிருப்பார். ஜெஸ்லின் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தொரு வயதுவரை ஒரு வாத்தியத்தை அவள் தொட்டதில்லை. மார்த்தாண்டத்துப் பக்கத்தில் அவள் வளர்ந்த ஊர் சர்ச்சில் ஆர்மோனியம் இருந்தது. அதன் பக்கத்தில் போக கமிட்டிக்காரர்களின் பிள்ளைகளுக்குத்தான் அனுமதி. இப்போது மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் அவளுக்கு வேலை ஒன்றும் இல்லை.

எந்த வாத்தியம் என்பதுதான் கேள்வி. ஆரியசாலையில் பருப்பு மொத்தக் கடைக்கு மேல்மாடியில் ஒரு மியூசிக் அகாடமி இருந்தது. ஞாயிறு மதியம் அங்கே 'ட்ரையல்' உண்டு. புதிதாகச் சேர வருகிறவர்கள், பெரியவர்களானாலும் பிள்ளைகளானாலும், எல்லா வாத்தியத்தையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்து, பிடித்ததைத் தேர்ந்துகொள்ளலாம். படி ஏறும்போதே பருப்புத் தூசியும், பூட்டிய அறையில் அடைபட்ட வியர்வை நாற்றமும் சேர்ந்து மூக்கில் ஏறின. திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். காதுக்குள் கீச்சுச் சத்தம் கேட்டது. ஏறினாள்.

அகாடமியை நடத்துகிறவன் பெயர் சஜி. தலைமுடியைப் பின்னால் கட்டி, அரைப் புட்டி சென்ட் அடித்திருந்தான். அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து அவள் உதட்டைப் பார்த்தான்.

"சேச்சியோட உதட்டுக்கு ஊதற வாத்தியம் நல்லா செட்டாவும்."

அவள் அவன் ஈறைப் பார்த்தாள். கீழ்ப் பல்லின் அடியில் காவி நிறத்தில் சுண்ணாம்புக் கட்டி போல் ஊத்தை ஏறியிருந்தது. ஒரு வருஷத்துக்குள் ரெண்டு பல் ஆடும் என்று கணக்காகத் தெரிந்தது. ஒரு அடி பின்னால் போய் நின்றுகொண்டாள்.

முதலில் வயலின். தாடையை வைக்கும் கட்டையில், பலருடைய கழுத்து வியர்வை காய்ந்து கறுப்பாக ஒரு வளையம் படிந்திருந்தது. கைக்குட்டையை விரித்து அதன்மேல் தாடையை வைத்தாள். வில்லை இழுத்ததும் வந்த சத்தம் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. அது க்ளினிக் மெஷினேதான். உடனே கீழே வைத்துவிட்டாள். அடுத்தது கீபோர்டு. வெள்ளைக் கட்டைகளின் நடுவில் மஞ்சளாக, விரல் வைத்தால் ஒட்டுகிற பிசுக்கு. அதைத் துடைத்துக்கொள்ளலாம். ஆனால் அமுக்காதபோதும் அதன் ஸ்பீக்கரிலிருந்து மெல்லிய இரைச்சல் வந்துகொண்டேயிருந்தது. மின்சாரத்திலிருந்து வருகிற சத்தம் இனி வேண்டாம் என்று அப்போதே தீர்மானித்தாள். மிருதங்கத்தைத் தொடப் போனபோது, "அது பெண்ணுங்க ரொம்ப நாள் தாங்க மாட்டாங்க சேச்சி, சமயம் வேஸ்ட்" என்றான் சஜி.

பிறகு மெலோடிக்கா. சின்ன கீபோர்டு மாதிரிதான், ஆனால் ஒரு பிளாஸ்டிக் குழாயை வாயில் வைத்து ஊதிக்கொண்டே வாசிக்க வேண்டும். அகாடமியில் ஆறு மெலோடிக்கா இருந்தன. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒரு பையன் ஊதிவிட்டுத் தந்த குழாயின் நுனியிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது. அடுத்து நின்ற பெண்பிள்ளை அதை அப்படியே வாயில் வைத்துக்கொண்டது.

ஜெஸ்லின் சஜியைத் திரும்பிப் பார்த்தாள். "இதக் கழுவ மாட்டியளா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் கழுவறதுதான்."

"எப்ப?"

சஜி பெற்றோர்களைப் பார்த்துச் சிரித்தான். "சேச்சி ஆஸ்பத்திரியிலயா ஜோலி?" அவர்களும் சிரித்தார்கள். அவள் வாத்தியம் எதையும் தேர்ந்தெடுக்காமல் இறங்கி வந்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, ஆதிரா என்ற பெண் தன் எட்டு வயது மகளை க்ளினிக்குக் கூட்டி வந்தாள். ஆதிரா வங்கியில் அதிகாரி. ஆரியசாலையில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்யும் திருநெல்வேலிக் குடும்பம். மகள் மாளுவிடம் மலையாளத்தில்தான் பேசினாள். மாளுவின் உதட்டைச் சுற்றிக் கொப்புளங்கள், உள்ளே ஈறெல்லாம் புண். வாயைத் திறக்க முடியாமல் அழுதாள். டாக்டர் மேடம் பார்த்துவிட்டு, இது தொற்று, டம்ளர் ஸ்பூன் எதையும் யாரோடும் பங்கிடக் கூடாது என்று சொல்லி மருந்து எழுதினாள். ஜெஸ்லின் அந்தப் பிள்ளையை உற்றுப் பார்த்தாள். மெலோடிக்கா வரிசையில் எச்சில் குழாயை வாயில் வைத்துக்கொண்டவள்.

மறுநாள் இன்னொரு பிள்ளை வந்தான். திங்கட்கிழமை இன்னொருத்தி. மூன்று பேருமே அந்த அகாடமி. ஜெஸ்லின் டாக்டரிடம் சொன்னாள்.

"ஸ்கூல்லயும் பரவியிருக்கலாம் ஜெஸ்லின். அங்கிருந்துதான் வந்ததுன்னு நம்மளால தெளிவிக்க முடியாது. நமக்கு அந்தக் காரியம் வேண்டாம்" என்றாள் டாக்டர் மேடம், கையுறையை உரித்துக்கொண்டே.

"தெளிவிக்க வேண்டாம் மேடம். திறந்து பாத்தா போதும்."

"நீ எங்கியும் போய்த் திறக்காதே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, லிங்கராஜின் கருவிப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஜெஸ்லின் ஆரியசாலைக்குப் போனாள். அன்று ட்ரையல் இல்லை. ஆண்டு விழாவுக்கான ஒத்திகை. ஹாலில் இருபது பெற்றோர்களாவது இருந்தார்கள். மாளுவும் இருந்தாள். உதட்டுப் புண் காய்ந்து பொருக்கு கட்டியிருந்தது. ஒத்திகை இடைவேளையில், மேஜைமேல் கிடந்த மெலோடிக்கா ஒன்றை ஜெஸ்லின் எடுத்துக் கவிழ்த்து, பின்பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினாள். யாரோ சஜியைக் கூப்பிட்டார்கள். அவன் வருவதற்குள் மூடி கையோடு வந்துவிட்டது.

நாற்றம் முதலில் வந்தது. வாரக்கணக்கில் மூடி வைத்த சோற்றுப் பாத்திரத்தைத் திறந்ததுபோல. உள்ளே பித்தளைத் தகடுகளின்மேல் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அதன் இடுக்குகளில் சாம்பல் நிறத்தில் பூஞ்சைக் காளான், பஞ்சு போல. மூலையில் பழுப்பாக ஏதோ கெட்டிப்பட்டுக் கிடந்தது. பிஸ்கட்டோ முறுக்கோ, பிள்ளைகளின் வாயிலிருந்து ஊதப்பட்டு உள்ளே போய்ச் சேர்ந்தது. அதற்குள் ஒரு கரப்பான் குஞ்சு செத்து ஒட்டியிருந்தது. பதினேழு வருஷத்தில் எத்தனையோ வாயைப் பார்த்தவள். இதைப்போல ஒரு வாயைப் பார்த்ததில்லை.

"பாருங்க" என்று அதை மேஜையில் வைத்தாள். "இதுலதான் உங்க பிள்ளைங்க வாய வச்சு மூச்ச இழுக்குது. மூணு பிள்ளைங்க வாய்ப்புண்ணோட எங்க க்ளினிக்குக்கு வந்தாச்சு. அதுக்கு இதுதான் காரணமான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா இதக் கண்ட பிறகு நீங்க என்ன செய்யப் போறியன்னு பாக்கணும்."

சில பேர் மூக்கைப் பொத்தினார்கள். ஒரு அம்மா "அய்யோ" என்று பின்னால் நகர்ந்தாள். சஜி வந்து மெலோடிக்காவைப் பிடுங்கிக்கொண்டான்.

"இது பழசு. ஒதுக்கி வச்சது. எந்தினா நிங்கள் அடுத்தவங்க சாதனத்தைக் கழற்றுறீங்க? போலீஸுக்குச் சொல்லட்டா?"

"அப்பம் மத்த அஞ்சையும் கழத்துங்க, பாக்கலாம்."

அவன் கழற்றவில்லை. பெற்றோர்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். விழாவுக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது. ஹால் புக் செய்தாயிற்று. உடுப்பு தைக்கக் கொடுத்தாயிற்று. நாளைக்கே எல்லாவற்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடுகிறேன், இன்றைய ஒத்திகை மட்டும் நடக்கட்டும் என்றான்.

ஜெஸ்லின் எதிர்பார்த்தது கூச்சல். கூச்சல் வரவில்லை. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு அப்பா, "இதெல்லாம் பிள்ளைங்களுக்கு எதிர்ப்பு சக்தி தரும்" என்றார். இன்னொருத்தர் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். ஒரே ஒரு குடும்பம் மட்டும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு படியிறங்கியது.

ஆதிரா கைப்பையிலிருந்து ஈரக் காகிதம் ஒன்றை உருவி, வேறொரு மெலோடிக்காவின் குழாய் நுனியைச் சுற்றித் துடைத்தாள். துடைத்த காகிதம் பழுப்பானது. அதைப் பார்த்தாள். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, குழாயை மகளிடம் நீட்டினாள்.

"ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது மோளே. உனக்கு முன்வரிசை கிடைச்சிருக்குல்லா."

மாளு குழாயைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மேஜைமேல் சிந்தியிருந்த பச்சைத் தூளைப் பார்த்தாள். பிறகு பொருக்கு கட்டிய உதட்டைத் திறந்து அதை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஜெஸ்லின் வேகமாகப் படியிறங்கி, பருப்புக் கடைக்குப் பக்கத்து ஓடையில் வாந்தியெடுத்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் வாந்தியெடுத்ததில்லை. அன்று காலையில் தின்றது முழுக்க வெளியே வந்தும் நிற்கவில்லை. அந்தப் பூஞ்சைகூட அவளுக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. மடித்துக் கைப்பையில் வைத்த அந்தப் பழுப்புக் காகிதம்தான் கண்ணிலேயே நின்றது.

பின்னாலிருந்து ஒருத்தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். பிரஜின். அகாடமியில் புல்லாங்குழல் சொல்லிக்கொடுக்கிறவன், இருபத்தாறு வயதிருக்கும். தோளில் நீளமான துணிப்பை. அவள் பாட்டிலை அண்ணாந்து பிடித்து, வாயைத் தொடாமல் ஊற்றிக் கொப்பளித்தாள்.

"சேச்சி செஞ்சது சரி" என்றான்.

"நீங்க அங்க எத்தன வருசமா இருக்கிய?"

"மூணு."

"அதுக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் துணிப்பையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டான். "தெரியும். நான் அங்க உள்ள எதையும் வாயில வைக்க மாட்டேன். என் குழலை யார்கிட்டயும் குடுக்கவும் மாட்டேன்."

"அப்பம் உங்க வாய மட்டும் பாத்துக்கிட்டிய."

"எனக்கு அங்க வாரத்துக்குப் பத்து க்ளாஸ் சேச்சி. அதை விட்டா எனக்கு வேற இல்ல."

அவளுக்கு அவனைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தாள். கிள்ளிப்பாலம்வரை நடந்தபிறகுதான் அந்தத் துணிப்பை நினைவுக்கு வந்தது. பொருளைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரிந்த ஒரே ஆள் அந்த மாடியில் அவன்தான் என்பதும் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

வீட்டில் சொன்னபோது லிங்கராஜ், "ஒரு புதுக் குழலா வாங்கீரு. ஒன் வாய் மட்டுந்தான் படும். பின்ன என்ன?" என்றான். அவள் யோசித்தாள். வயலினும் கீபோர்டும் காதுக்கு ஆகாது. மிருதங்கம் படிப்பதென்றால் சஜியைப் போல ஒருத்தனிடம் மறுபடி பேசித் தொலைக்க வேண்டும். குழலில் திருகாணி கிடையாது. திறந்த நுனி வழியாகக் குச்சியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டு முழுக்கத் துடைத்துவிடலாம். டார்ச் அடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். இதுதான் அவள் புல்லாங்குழலைத் தேர்ந்தெடுத்த காரணம். ராகமோ பக்தியோ அதில் இல்லை.

கடையில் விற்கிறவன் ஒரு குழலை எடுத்து, ஊதிக் காட்ட உதட்டுக்குக் கொண்டுபோனான். "ஊதாண்டாம்" என்று அவள் போட்ட சத்தத்தில் மற்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உறை பிரிக்காதது வேண்டும், சத்தம் தாழ்ந்தது வேண்டும் என்றாள். நீளமான குழல், விரல் எட்டாது, ஆரம்பத்தில் சிரமம் என்றான். பரவாயில்லை என்றாள். கீச்சுச் சத்தத்துக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

சொல்லித்தரப் பிரஜினைத் தவிர ஆள் கிடைக்கவில்லை. ஆற்றங்கரைப் பக்கம் அவன் வாடகை வீட்டுக்கு சனிக்கிழமை சாயங்காலம் போனாள். முதல் நாளே சொல்லிவிட்டாள்: "உங்ககிட்ட எனக்கு மரியாத ஒண்ணும் கெடையாது. பாடம் மட்டும் சொல்லித் தாங்க."

அவன் முகம் சிவந்தது. ஆனாலும் சொல்லித்தந்தான்.

முதல் ஆறு வாரம் காற்று மட்டும்தான் வந்தது. தலை சுற்றியது. அதைவிட மோசம், கால் மணிநேரம் ஊதினால் குழலின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஈரம் வடிந்தது. தன் எச்சில். துடைத்த துணியை மூக்கருகில் கொண்டுபோனால் புளித்த வாடை. ஊரார் வாயையெல்லாம் குறை சொன்னவளுக்குத் தன் வாய் நாற்றம் அன்றுதான் தெரிந்தது. குழலை ஒரு வாரம் தொடவில்லை. அந்த வாரம் முழுக்க, க்ளினிக்கில் வந்து உட்கார்ந்தவர்கள் வாயைத் திறக்கக் கூச்சப்பட்டுக் கையால் மறைத்தபோது, அவர்களை முன்னைப்போல முகம் சுளித்துப் பார்க்க அவளால் முடியவில்லை. மறுபடி குழலை எடுத்தாள். ஊதுவது, துடைப்பது, மறுபடி ஊதுவது என்று வைத்துக்கொண்டாள். அறப்பு போகவில்லை. அதோடு சேர்த்தே ஊதப் பழகினாள்.

இதற்கிடையில் அகாடமியின் ஆண்டு விழா நன்றாக நடந்தது. ஆதிராவின் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் படம் வந்தது: முன்வரிசையில் பட்டுப்பாவாடையோடு மாளு, வாயில் மெலோடிக்காக் குழாய். கீழே ஆதிரா வரிசையாகப் போட்ட பூ எமோஜிகள். க்ளினிக் போனில்தான் அந்த எண் இருந்தது. ஜெஸ்லின் படத்தைப் பார்த்துவிட்டு, டாக்டர் மேடத்திடம் கேட்காமலே அந்த ஸ்டேட்டஸ் இனி வராதபடி செய்துவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஆதிரா மகளோடு மறுபடி வந்தாள். பால் பல் ஒன்று விழாமல் ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் மேடம் மரப்பு மருந்து போட்டுவிட்டுக் கைகழுவப் போனபோது, ஒன்றுமே நடக்காததுபோல ஆதிரா பேச்சுக் கொடுத்தாள்.

"இவளை அடுத்து சாக்ஸபோனுக்குச் சேர்க்கலாம்னு இருக்கேன். சஜி சார் சொன்னார், பெண்பிள்ளைங்க அதை வாசிச்சா ஸ்டேஜ்ல நல்லா இருக்கும்னு. நீங்க இதெல்லாம் விசாரிச்சவங்களாச்சே, சேச்சிக்கு என்ன தோணுது?"

ஜெஸ்லினுக்கு அந்த முகத்தில் குழாய்த் தண்ணீரைப் பீச்சியடிக்கலாம் போல இருந்தது. "பிள்ளகிட்ட கேட்டியளா?" என்றாள்.

"அவளுக்கென்ன தெரியும்?"

ஜெஸ்லின் குனிந்து, "ஒனக்கு எது வேணும் மக்களே?" என்று கேட்டாள்.

மாளுவின் வாய் மரத்திருந்தது. பேச்சு குழறியது. "ஊதறது வேண்டா. எனக்கு கொட்டறது போதும்."

"செண்டை அடிக்கணுமாம்" என்று ஆதிரா சிரித்தாள். "ஆம்பிளப் பிள்ளை மாதிரி."

டாக்டர் மேடம் திரும்பி வந்ததும் ஜெஸ்லின் குழாயை எடுத்துப் பிடித்தாள். பல் சுலபமாக வந்துவிட்டது. ரத்தத்தை உறிஞ்சி, பஞ்சை வைத்து, பிள்ளையின் தாடையைத் துடைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் அந்த க்ளினிக்குக்கு வரவில்லை. மாளு செண்டை படித்தாளா, சாக்ஸபோனா என்று தெரியாது. அந்த மாடியில் ஞாயிறுதோறும் ட்ரையல் நடக்கிறது. வரிசையும் குறையவில்லை என்று பிரஜின் சொன்னான். அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். வாரத்துக்குப் பத்து க்ளாஸ்.

ஜெஸ்லினுக்கு இப்போது சரளி வரிசையில் நாலு வருகிறது. ஐந்தாவது தடுமாறுகிறது. காதுக்குள் சத்தம் அப்படியே இருக்கிறது. கீழ் ஸ்வரத்தை நீட்டி ஊதும்போது மட்டும் அது எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. காலையில் ஆறேகாலுக்குப் பஸ். அதற்கு முன்னால் அடுக்களையில் அரிசி வேகும் நேரத்துக்கு ஊதுகிறாள். லிங்கராஜ் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, "தொடங்கியாச்சா" என்கிறான்.